தொங்கும் கேபிள் முனை: அலுவலக நெட்வொர்க்கில் லூப்பைப் பிடிப்பதும் தடுப்பதும்

மீட்டிங் ரூம் மேசைக்கு அடியில் ஒரு பேட்ச் கார்ட், அதாவது சின்ன நெட்வொர்க் கேபிள். ஒரு முனை சுவர் சாக்கெட்டில் இருக்கிறது, மறுமுனை தரையில் கிடக்கிறது. யாரோ லேப்டாப்பில் போட்டு வேலை பார்த்துவிட்டு, கழற்றி அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து வருபவர் கொஞ்சம் ஒழுங்கு பார்ப்பவர். காலில் இடறுகிறதே என்று அந்த முனையை எடுத்து, பக்கத்தில் காலியாக இருந்த சாக்கெட்டில் செருகிவைக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அரை நிமிடத்துக்குள் அந்த மாடி முழுக்க நெட் படுத்துவிடும். பிரின்டர் வராது, ஐபி போன் செத்துப்போகும், கேபிளே இல்லாத வைஃபைகூட இழுக்கும்.

இப்படிக் கேபிள் வட்டமாகச் சேர்ந்துகொள்வதைத்தான் லூப் என்பார்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் பார்த்த முதல் லூப் இதே கதைதான். மூன்று மணி நேரம் தேடினேன். சர்வரைப் பார்த்தேன், ஃபயர்வாலைப் பார்த்தேன், இன்டர்நெட் கொடுப்பவர்களுக்குப் போன் போட்டுச் சண்டையும் பிடித்தேன். கடைசியில் அகப்பட்டது ஒரு முழ நீளத்துக்கு ஒரு நீலக் கேபிள். அன்று யாராவது சொல்லித் தந்திருக்கக் கூடாதா என்று நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், "கம்ப்யூட்டர் தெரியும்ல, இதையும் பார்த்துக்கோ" என்று இந்த வேலை தலையில் கட்டப்பட்டவர்களுக்கும்.

சுவிட்ச் ஏன் ஏமாறுகிறது

பல கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டிதான் சுவிட்ச், கேபிள் செருகும் துளைக்குப் போர்ட் என்று பெயர். சுவிட்சின் புத்தி மிகச் சின்னது. ஒரு ஃபிரேம் (கேபிளில் போகும் தகவல் பொட்டலம்) உள்ளே வந்தால், அனுப்பியவரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய எண்ணைப் பார்த்து "இவர் இந்தப் போர்ட்டில் இருக்கிறார்" என்று தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும். யாருக்குப் போக வேண்டுமோ அவர் பட்டியலில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் தள்ளிவிடும். எல்லோருக்குமான பிராட்காஸ்ட் வந்தாலும் அப்படியேதான்.

பிராட்காஸ்ட் என்பது எப்போதாவது வருவதில்லை. "இந்த ஐபி யாருடையது?" என்று கேட்கும் ஆர்ப், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் "எனக்கு ஒரு ஐபி கொடுங்கள்" என்று கேட்கும் டிஹெச்சிபி, இரண்டுமே பிராட்காஸ்டாகத்தான் கிளம்பும். ஆளே இல்லாத அலுவலகத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது எட்டுப் போர்ட் சுவிட்ச் ஒன்றில் 7ஆம் போர்ட்டையும் 8ஆம் போர்ட்டையும் ஒரே கேபிளால் இணைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் போர்ட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ஓர் ஆர்ப் கேள்வி கேட்கிறது. சுவிட்ச் அதை 2 முதல் 8 வரை எல்லாவற்றிலும் வெளியே விடுகிறது. 7இல் வெளியே போனது கேபிள் வழியாக 8இல் உள்ளே வருகிறது. சுவிட்சைப் பொறுத்தவரை அது புது ஃபிரேம், எனவே 8ஐத் தவிர எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. அந்த எல்லாவற்றிலும் 7 இருக்கிறது. மறுபடி 7இல் வெளியே, 8இல் உள்ளே. முதலில் 8இல் வெளியே போன நகல் எதிர்த் திசையில் இதே வேலையைச் செய்கிறது. கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது இரண்டு செக்குமாடு. ஒவ்வொரு சுற்றிலும் 1 முதல் 6 வரை இருக்கும் எல்லோருடைய கதவையும் தட்டிவிட்டுப் போகும்.

ஃபிரேம் பெருகிக்கொண்டே போகும் என்று சொல்லித்தருவார்கள். ஒற்றை லூப்பில் அது அவ்வளவு சரியில்லை. அங்கே ஃபிரேம் பெருகுவதில்லை, சாவதும் இல்லை. அடுத்த பிராட்காஸ்ட் வந்தால் இன்னும் இரண்டு, அதற்கடுத்து இன்னும் இரண்டு என்று சேர்ந்துகொண்டே போய்க் கேபிளை நிரப்பிவிடும். இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவே மூன்று கேபிள் போட்டால்தான் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நிஜமாகவே குட்டி போடும். எப்படியானாலும் முடிவு ஒன்றுதான். நொடிக்கு 1 ஜிகாபிட் போகும் போர்ட்டில் 64 பைட் அளவுள்ள சின்ன ஃபிரேம்கள் நொடிக்கு 14,88,095 வரை போகலாம். அந்த எண்ணிக்கையை எட்டியபின் உங்கள் உண்மையான ஃபிரேமுக்கு நுழைய இடம் இருக்காது. இதற்குத்தான் பிராட்காஸ்ட் ஸ்டார்ம் என்று பெயர்.

ஏன் சாவதில்லை? ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் தூக்கிப் போட்டுவிடும். அதிகபட்சம் 255 தாவல்களோடு அதன் ஆயுள் முடிந்தது. ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட் பிறந்தபோது அது எல்லோரும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே நீளக் கேபிள். வட்டம் போடுவதற்கே அதில் வழியில்லை, எனவே ஆயுள் எழுதும் தேவையும் வரவில்லை.

இன்னொரு கேடும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சுற்றிவரும் நகலிலும் அனுப்பியவர் முகவரி அந்த 1ஆம் போர்ட் கம்ப்யூட்டருடையதுதான். அது 8இல் உள்ளே வரும்போது, "ஓ, இவர் 8க்கு மாறிவிட்டார்" என்று சுவிட்ச் பட்டியலைத் திருத்தும். அடுத்த கணம் 7இல் வரும்போது 7 என்று திருத்தும். இப்போது யாராவது அந்தக் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு ஃபிரேம் அனுப்பினால் அதுவும் லூப்புக்குள் போய் விழும். பிராட்காஸ்ட் மட்டும் கெட்டது, மற்றதெல்லாம் மெதுவாகவாவது ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

லூப்தானா என்று எப்படித் தெரியும்

சுவிட்ச்கள் இருக்கும் ரேக்கைத் திறந்து பாருங்கள். சாதாரண நாளில் சுவிட்ச் விளக்குகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சிமிட்டும். லூப் வந்தால் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் துடிக்கும். சில மாடல்களில் அணையாமல் நின்றுவிட்ட மாதிரியே தெரியும். இதற்கு மிஞ்சிய அடையாளம் இல்லை. இதைப் பார்த்துப் பழக, நெட்வொர்க் நன்றாக ஓடும் நாளில் ஒருமுறை ரேக் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

அடுத்து, உங்கள் கேட்வேக்கு (அலுவலகத்திலிருந்து வெளியே போகும் வாசலான ரௌட்டருக்கு) ஒரு பிங் போடுங்கள். ஒரு மில்லிநொடிக்குள் வர வேண்டிய பதில் பல நூறு மில்லிநொடிக்குப் பிறகு வரும், அல்லது வரவே வராது. வெளியே இருக்கும் தளம் மட்டும் வராமல், உள்ளே இருக்கும் பிரின்டரும் சர்வரும் சரியாகப் பதில் சொன்னால் அது இன்டர்நெட் பிரச்சினை, லூப் இல்லை. இந்த ஒரு சோதனையை அன்று நான் செய்திருந்தால் அந்தப் போன் சண்டை மிச்சமாகியிருக்கும்.

வயர்ஷார்க் (கேபிளில் போவதைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) தெரிந்தவர்கள் லேப்டாப்பைச் செருகிப் பத்து நொடி பிடித்துப் பாருங்கள். ஒரே ஆர்ப் கேள்வி, ஒரே முகவரியிலிருந்து, ஆயிரக்கணக்கில் வரிசையாக விழும். சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

ரௌட்டர்களுக்கு இடையில் வரும் லூப் வேறு இனம். ஒரு ரௌட்டர் "அங்கே போ" என்கிறது, அங்கே இருக்கும் ரௌட்டர் "வந்த இடத்துக்கே போ" என்கிறது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால் இரண்டு ஐபிகள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். டிடிஎல் இருப்பதால் அந்தப் பாக்கெட் தானாகவே செத்துவிடும், அந்த ஒரு முகவரிக்கான வழி மட்டும் கெடும். அலுவலகமே மொத்தமாகப் படுத்தால் அதைத் தேட வேண்டாம்.

வந்துவிட்டது, இப்போது என்ன செய்ய?

எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும். காரணம் யோசிப்பதெல்லாம் பிறகு, முதலில் கேபிளைப் பிடுங்க வேண்டும். ஆனால் எந்தக் கேபிள்?

1. சுவிட்சை ரீஸ்டார்ட் செய்ய எழும் கையை அடக்குங்கள். அணைத்துப் போட்டால் சுற்றிக்கொண்டிருந்த ஃபிரேம்கள் போய்விடும், சற்று நேரம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். முதல் பிராட்காஸ்ட் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அந்த இடைவெளியில் "சரியாயிடுச்சு" என்று மேலாளரிடம் சொல்லியிருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். அதோடு, நடந்ததையெல்லாம் சுவிட்ச் குறித்துவைக்கும் லாகில் இருந்த துப்பும் அழிந்துபோகலாம்.

2. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசி கால் மணி நேரத்தில் யாராவது எதையாவது எடுத்தீர்களா, செருகினீர்களா, நகர்த்தினீர்களா?" யாராவது மேசை மாறியிருப்பார், புது போன் வந்திருக்கும், மீட்டிங் ரூமில் கூட்டம் முடிந்திருக்கும். குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாதி லூப்கள் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

3. பதில் கிடைக்கவில்லையென்றால் நடுச் சுவிட்சுக்குப் போங்கள், அதாவது மற்ற சுவிட்ச்கள் எல்லாம் வந்து சேரும் இடத்துக்கு. மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே லாகின் செய்து அமைக்க முடிந்த வகை) என்றால் நெட்வொர்க் வழியாக லாகின் ஆகாமல் போகலாம், ஏனென்றால் அதன் பிராசஸரும் இந்த வெள்ளத்தில்தான் மூழ்கிக்கிடக்கும். லேப்டாப்பை நேராகச் சுவிட்சோடு இணைக்கும் கன்சோல் கேபிள் வேண்டும். அது எந்த டிராயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவையுங்கள்.

4. உள்ளே போனதும் ஒவ்வொரு போர்ட்டின் பிராட்காஸ்ட் கணக்கைப் பாருங்கள். இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். எல்லாப் போர்ட்டிலும் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கும், எது குற்றவாளி என்று தெரியாது. வெளியே போகும் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். வெள்ளம் எல்லாப் போர்ட்டிலும் வெளியே போகத்தான் செய்யும், அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். உள்ளே வரும் பிராட்காஸ்ட் எந்தப் போர்ட்டில் அதிகம் என்று மட்டும் பாருங்கள். லூப் அந்தத் திசையில் இருக்கிறது. இரண்டு போர்ட்டில் சமமாக உள்ளே வந்தால், லூப் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கிடையே தாவுகிறது என்று லாகில் வரி வந்திருந்தால், அந்தப் போர்ட் எண்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. மேனேஜ்டு சுவிட்சே இல்லையென்றால் கைதான் கருவி. நடுச் சுவிட்சில் இருந்து மற்ற சுவிட்ச்களுக்குப் போகும் அப்லிங்க் கேபிள்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். தனிக் கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிப் பயனில்லை. ஒன்றைப் பிடுங்கியதும் பத்து நொடி விளக்குகளைப் பாருங்கள். துடிப்பு அடங்கவில்லையென்றால் அதை வெளியிலேயே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடுங்குங்கள். அடங்கிய கணத்தில் உங்கள் கையில் இருக்கும் கேபிள்தான் லூப்புக்குப் போகும் வழி. அதை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் வேலையைத் தொடர ஆரம்பித்துவிடுவார்கள், உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். பிடுங்கும் முன் எந்தப் போர்ட்டில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மாற்றிச் செருகி இரண்டாவது லூப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

6. இப்போது அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கும் சுவிட்சுக்குப் போய் இதையே செய்யுங்கள். அங்கே அப்லிங்க் ஏற்கெனவே துண்டாகிவிட்டதால், அதன் விளக்குகள் இன்னும் தனியாகப் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தால் லூப் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடங்கிவிட்டதா? அப்படியானால் நீங்கள் பிடுங்கிய கேபிளே வட்டத்தின் ஒரு துண்டு, இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவே இன்னொரு வழி எங்கேயோ இருக்கிறது.

7. கடைசிக் கட்டத்துக்குக் குறுக்கு வழி இல்லை. கேபிளின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒரே நிறத்தில் இருபது கேபிள் கிடக்கும் இடத்தில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

எங்கெல்லாம் பிறக்கிறது

மேசை மேல் வைக்கும் ஐந்து போர்ட் சுவிட்ச்தான் முதல் எதிரி. சாக்கெட் போதவில்லை என்று யாரோ வாங்கிவைத்திருப்பார். அதற்குச் சுவரிலிருந்து ஒரு கேபிள் போதும். "ரெண்டு போட்டா ஸ்பீடு ரெண்டு மடங்காகும்" என்று இரண்டாவதையும் செருகுவார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

அடுத்தது ஐபி போன். அதன் பின்னால் இரண்டு துளை இருக்கும், ஒன்று சுவருக்கு, மற்றது கம்ப்யூட்டருக்கு. உள்ளே இருப்பது ஒரு குட்டி சுவிட்ச். மேசை மாற்றும்போது இரண்டு துளையிலிருந்தும் வரும் கேபிளைச் சுவரிலேயே செருகிவிடுவார்கள். போனைப் பார்த்தால் யாருக்கும் சுவிட்ச் என்ற நினைப்பே வராது, அதனால் தேடும்போதும் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

கேபிள் வழியாகவும் வைஃபை வழியாகவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மெஷ் கருவிகள், விண்டோஸில் நெட்வொர்க் பிரிட்ஜ் போட்டுவைத்த லேப்டாப், இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவே பல கேபிள்களை ஒன்றாகக் கட்டும்போது ஒரு பக்கம் மட்டும் கட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுவது, இவையும் உண்டு.

முன்பெல்லாம் இரண்டு சுவிட்ச்களை இணைக்கக் கிராஸ்ஓவர் என்று தனிக் கேபிள் வேண்டும். சாதாரணக் கேபிளை இரண்டு சுவிட்ச் போர்ட்டில் போட்டால் லிங்க் விளக்கே எரியாது. யாரும் திட்டமிடாமல் கிடைத்த பாதுகாப்பு அது. இன்றைய போர்ட்டுகள் தாங்களாகவே மாறிக்கொள்ளும், எந்தக் கேபிளை எங்கே போட்டாலும் லிங்க் வந்துவிடும். வசதிக்காகக் கொடுத்த விலை இது.

தடுப்பு: ஸ்பேனிங் ட்ரீ

1985இல் டெக் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த ராடியா பெர்ல்மேனுக்கு இந்தச் சிக்கல் வந்தது. ஃபிரேமின் வடிவத்தை மாற்ற முடியாது, ஏற்கெனவே ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது, ஆனால் வட்டம் வரக் கூடாது. அவர் கண்ட வழி எளிது: கேபிள்கள் எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும், சுவிட்ச்கள் தங்களுக்குள் பேசி, சில போர்ட்டுகளைத் தாங்களே அடைத்துக்கொண்டு, மிச்சமிருப்பதை ஒரு மரமாக ஆக்கிவிடட்டும். மரத்தில் கிளை உண்டு, வட்டம் இல்லை. இந்த ஸ்பேனிங் ட்ரீ 1990இல் 802.1டி என்ற தரமாயிற்று.

சுவிட்ச்கள் பேசிக்கொள்ளும் சின்னச் செய்திக்குப் பிபிடியு என்று பெயர், 2 நொடிக்கு ஒன்று போகும். முதலில் ஒரு தலைவரை, அதாவது ரூட் சுவிட்சைத் தேர்ந்தெடுப்பார்கள். பிரையாரிட்டி எண் யாருக்குக் குறைவோ அவர் ரூட். எல்லோருக்கும் பெட்டியிலிருந்து வரும்போதே 32768 என்று இருக்கும். சமமாக இருந்தால் மேக் முகவரி சின்னதாக இருப்பவர் ஜெயிப்பார். ஒரே நிறுவனத்தின் சுவிட்ச்களில் பழைய சுவிட்சுக்குத்தான் பெரும்பாலும் சின்ன முகவரி. ஆக, நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் உங்கள் அலுவலகத்திலேயே பழைய, மூலையில் தூசி படிந்த சுவிட்ச் தலைவராகிவிடக்கூடும். எனவே முதல் வேலையாக நடுச் சுவிட்சுக்குப் பிரையாரிட்டி 4096 என்று கொடுங்கள். மாற்றாக நிற்க வேண்டியதற்கு 8192. எண் 4096இன் மடங்காக இருக்க வேண்டும், மற்றதைச் சுவிட்ச் ஏற்காது.

பழைய முறையில் ஒரு மாற்றம் வந்தால் மரம் மறுபடி நிலைக்க 30 முதல் 50 நொடி ஆகும். 2001இல் வந்த ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ அதைச் சில நொடிகளுக்குள் கொண்டுவந்தது. உங்கள் சுவிட்சில் இரண்டும் இருந்தால் ரேபிட் வகையைத் தேர்ந்தெடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் செருகிய போர்ட்டும் பழைய முறையில் 30 நொடி காத்திருக்கும். அதற்குள் டிஹெச்சிபி பொறுமை இழந்துவிடும், காலையில் "நெட் வரலை" என்று புகார் வரும். இதைத் தாங்காமல் ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவைத்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது அது. சரியான மருந்து, ஆட்கள் உட்காரும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறிப்பது. சிஸ்கோ மொழியில் போர்ட்ஃபாஸ்ட். செருகியதும் வேலை செய்யும்.

அந்தப் போர்ட்டுகளில் கூடவே பிபிடியு கார்டு (காவல்) போடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் போர்ட்டில் பிபிடியு வர நியாயமில்லை. வந்தால் அங்கே யாரோ சுவிட்ச் செருகியிருக்கிறார், அல்லது சுவிட்ச் அனுப்பிய செய்தியே சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. உடனே அந்தப் போர்ட் மூடிக்கொள்ளும். மீட்டிங் ரூம் கதையில் இது இருந்திருந்தால், ஒழுங்கு பார்ப்பவர் செருகிய சில நொடிக்குள்ளேயே சாக்கெட் செத்திருக்கும், மாடியில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் கார்டுக்குப் பக்கத்திலேயே பிபிடியு ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து அண்ணன் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். கார்டு காவலாளி. ஃபில்டரைப் போர்ட்டில் நேராகப் போட்டால் பிபிடியு போகவும் விடாது, வந்தால் கண்டுகொள்ளவும் விடாது. அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், லூப் வந்தால் வரவேற்கும்.

மூடிய போர்ட்டைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாகத் திறக்கவைக்கலாம், சிஸ்கோவில் அந்த வசதியைப் போட்டால் வழக்கமாக 300 நொடி. நான் போடுவதில்லை. போர்ட் மூடியே கிடந்தால் செருகியவர் தானாக என்னிடம் வருவார், "என் சாக்கெட் வேலை செய்யலை" என்று. யார் என்று தேடும் வேலை மிச்சம்.

கார்டுக்கும் ஓட்டை உண்டு. சில மலிவான சுவிட்ச்கள் பிபிடியுவைக் கடத்தாமல் விழுங்கிவிடும். அப்படி ஒன்றின் இரண்டு போர்ட்டுகளை யாராவது ஒன்றோடொன்று இணைத்தால், மேலே இருக்கும் சுவிட்சுக்கு வெள்ளம் மட்டும் வரும், பிபிடியு வராது. இதற்காகத்தான் லூப் டிடெக்‌ஷன் என்று தனி வசதி இருக்கிறது. சுவிட்ச் தன் பெயர் போட்ட ஒரு சோதனை ஃபிரேமை வெளியே விடும், அது தன்னிடமே திரும்பி வந்தால் போர்ட்டை மூடும். விலை குறைந்த ஸ்மார்ட் சுவிட்ச்களிலும் இது கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலும் அணைத்தே வந்திருக்கும். மெனுவில் தேடிப் போடுங்கள்.

ஸ்டார்ம் கன்ட்ரோல் கடைசி அரண். பிராட்காஸ்ட் இந்த அளவைத் தாண்டினால் வெட்டு என்று சொல்லிவைப்பது. அது லூப்பைத் தீர்க்காது, ஊர் மூழ்காமல் காக்கும். அளவை மற்றவர்களிடம் கேட்டு வைக்காதீர்கள். ஒரு வாரம் உங்கள் போர்ட்டுகளில் சாதாரணமாக எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதைவிடத் தாராளமாக வையுங்கள். ஜிகாபிட் போர்ட்டில் 1 சதவீதம் என்றாலே நொடிக்கு 10 மெகாபிட், சாதாரண அலுவலக மேசைக்கு அது ஏகப்பட்டது.

சுவிட்ச்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல நீட்டிக்கொண்டே போவதையும் தவிருங்கள். ஸ்பேனிங் ட்ரீயின் வழக்கமான நேரக் கணக்குகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 சுவிட்ச்கள் வரைக்கும் என்று போட்டவை. 2002 நவம்பரில் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையில் அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்த நெட்வொர்க் குலைந்து, ஏறத்தாழ நான்கு நாள் காகிதத்தில் வேலை நடந்தது. அதை மறைக்காமல் அவர்களே வெளியே பேசினார்கள், அதனால்தான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது.

இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவே நிஜமாகவே இரண்டு கேபிள் வேண்டுமென்றால் எல்ஏசிபி போட்டு இரண்டையும் ஒரே லிங்க்காகக் கட்டுங்கள். முதலில் இரண்டு பக்கமும் அமைப்பை முடித்துவிட்டு, கேபிளைக் கடைசியாகச் செருகுங்கள். வரிசை மாறினால் நடுவில் லூப் வரலாம்.

மேனேஜ்டு சுவிட்ச் வாங்க வழியில்லாத இடங்கள்

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. நடுவில் ஒன்றே ஒன்று லூப் டிடெக்‌ஷன் உள்ளதாக இருந்தால்கூட, லூப் வந்த கிளை மட்டும் அறுந்து மற்றவை பிழைக்கும். பயன்படாத சுவர் சாக்கெட்டுகளை, அவற்றின் கேபிள்கள் ரேக்கில் வந்து முடியும் பேட்ச் பேனலில் கழற்றிவிடுங்கள். சுவிட்சில் சேராத சாக்கெட்டில் எதைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. இது காசே இல்லாத தடுப்பு, ஆனால் பத்தில் ஒருவர்தான் செய்கிறார்.

அப்லிங்க் கேபிள்களுக்கு மட்டும் தனி நிறம் வையுங்கள், இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். மேசைக்கு அடியில் கழற்றிய கேபிளை ஒரு முனை சாக்கெட்டில் இருக்க விடாதீர்கள். எடுத்தால் இரண்டு முனையையும் எடுத்துச் சுருட்டி அலமாரியில் வையுங்கள். மீட்டிங் ரூமில் லேப்டாப் பக்கத்து முனையை மேசை மேல் ஒரு கிளிப்பில் மாட்டிவிடுங்கள், தரைக்குப் போகாது.

போட்டதைச் சோதித்துப் பாருங்கள்

எல்லாம் அமைத்த பின் ஆட்கள் கிளம்பிய ஒரு மாலையில், கன்சோல் கேபிளை மாட்டிக்கொண்டு, முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லிவிட்டு, அந்த மீட்டிங் ரூமுக்குப் போங்கள். கூட ஒருவரை ரேக் முன்னால் நிறுத்துங்கள். ஒரு பேட்ச் கார்டை எடுத்து இரண்டு சாக்கெட்டுக்கும் நடுவே நீங்களே செருகுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் அந்த இரண்டு போர்ட்டின் லிங்க்கும் விழுந்து விளக்கு அணைய வேண்டும், லாகில் பிபிடியு கார்டு போர்ட்டை மூடியது என்று ஒரு வரி விழ வேண்டும். அணையாமல் எல்லா விளக்கும் துடிக்க ஆரம்பித்தால் உடனே பிடுங்கிவிடுங்கள், அந்தப் போர்ட்டில் அமைப்பு ஏறவில்லை. அணைந்தால் கேபிளை எடுத்துவிட்டு, மூடிக்கொண்ட போர்ட்டை ஒருமுறை ஷட்டவுன் செய்து மறுபடி திறங்கள். லிங்க் வந்ததும் லேப்டாப்பை மாட்டி ஒரு பிங் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பேட்ச் கார்டை இரண்டு முனையோடும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.